38 ஓனர், ஒரு செயலி: யார் சொல்வதை முதலில் எடுப்பது?

மண்டபம்_பொண்ணு | மே 19, இரவு 10.40

சொந்த ஊர் மண்டபம். சென்னை சிறுசேரியில் ஐந்து வருடம் டெவலப்பராக இருந்துவிட்டு, ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கூடவே சின்னச் சின்ன ப்ராஜெக்ட். அப்பா விசைப்படகு டிரைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரச்சினையில் பாதி இதுதான்.

எங்கள் கரையில் 38 படகுகளின் ஓனர்கள் சேர்ந்து மீன்பாட்டுக் கணக்குக்கு ஒரு செயலி கேட்டார்கள். செலவில் பெரும்பகுதியை வெளியூர் அறக்கட்டளை ஒன்று தருகிறது. வேலை என்று பார்த்தால் எளிதுதான். படகு விடியலில் கரைக்கு வரும். பிரித்து எடை போடுவார்கள். இறால், கணவாய், நண்டு எல்லாம், வாங்கித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிற கம்பெனிக்காரரிடம் போகும். மற்ற மீன் கரை வியாபாரிகளுக்கு, சங்காயம், அதாவது சாப்பாட்டுக்கு ஆகாத கழிவு மீன், கோழித்தீவன லாரிக்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் பங்கு வைப்பார்கள். இவ்வளவையும் இப்போது கணக்கப்பிள்ளை ஒரு நீள நோட்டில் எழுதுகிறார். அதைப் போனுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு மாத வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

இப்போது ஆளுக்கொரு செயலி கேட்கிறார்கள். ஓனர்களுக்கு டீசல் கணக்கு வேண்டும்: எந்தப் படகு எத்தனை லிட்டர் குடித்தது, அதற்கு என்ன பாடு, அதாவது எவ்வளவு மீன், கொண்டுவந்தது. படகில் போகிறவர்களுக்குப் பங்குச் சீட்டு, அதுவும் அன்றைக்கே, கையில். கம்பெனிக்காரருக்கு இறால் கவுண்ட் வேண்டும், அதாவது கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்பது. ஐஸ் போட்ட நேரமும் வேண்டும். ஆனால் விலை மட்டும் திரையில் வரவே கூடாதாம். அறக்கட்டளைக்கு டேஷ்போர்டு, வரைபடத்தில் 38 புள்ளி, நிறம் மாறும் கட்டங்கள். அதற்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் போகும், கரையில் ஒருத்தர்கூட அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. கணக்கப்பிள்ளைக்குச் செயலியே வேண்டாம். "பிரிண்ட் வருமா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

64 தேவைகள் எழுதி, மாஸ்கோ முறையில் கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நான்கு கூடையில் போடச் சொன்னேன். 51 'கட்டாயம்' கூடையில் விழுந்தது. "முடிவு சொல்ல ஒரே ஒரு ப்ராடக்ட் ஓனர் இருக்கணும், யாருண்ணே அது?" என்று கூட்டத்தில் கேட்டேன். எல்லாரும் ஓனர்தானே, 38 பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுகையே வந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே ஒரு கட்டத்தில். எடை போடும்போது கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், ஐஸ் தண்ணீர் வடியுமே அதற்காக. எங்கள் படகுகளுக்குப் பேச்சு ஒரு கிலோ. நான் யோசிக்காமல் ஒரு கட்டம் போட்டு 'கழிவு' என்று பெயர் வைத்தேன். டெமோ அன்று கம்பெனிக்காரர் "அது தண்ணி" என்றார். பின்னால் நின்ற ஒருவர் "அது எங்க கூலி" என்றார். கூட்டம் அதோடு கலைந்தது. படகு ஓனர்கள் சங்கத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, அந்தக் கட்டத்தை எடுத்துரு. கழிச்ச பிறகு வர்ற எடை மட்டும் இருந்தாப் போதும்" என்றார். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி, "ஒங்கப்பாகிட்ட இதெல்லாம் காட்டிக்கிட்டு இருக்காத" என்றும் சொன்னார்.

அப்பாவிடம் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் லேப்டாப் பக்கமே பார்க்காமல் சாப்பிடுகிறார்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. மறுநாள் படகுகள் இறங்கும்போது செயலி இருக்க வேண்டும் என்பது பேச்சு. 64-இல் இருபது செய்ய முடிந்தால் பெரிய விஷயம். பணம் தருகிறவர் சொல்வதா, கூப்பிட்டு வேலை கொடுத்தவர் சொல்வதா, தினமும் தொடப்போகிறவர் சொல்வதா? அந்தக் கட்டத்தை எடுப்பதா, வைப்பதா?

---

கிளையன்ட்சாமி | மே 19, இரவு 11.15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பணம் யாருடையதோ அவர் சொல்வதுதான் தேவை. மற்றதெல்லாம் ஆசை. பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இது மாறியதே இல்லை.

முன்பு ஓர் ஆஸ்பத்திரிக்கு மருந்துக் கையிருப்பு மென்பொருள் செய்தோம். நர்சுகள் பாவம் என்று அவர்கள் கேட்டதையெல்லாம் சேர்த்தேன். எல்லாரும் நன்றி சொன்னார்கள். கடைசித் தவணை கேட்டபோது, "இது நாங்கள் கையெழுத்துப் போட்ட பட்டியலில் இல்லையே" என்றார் நிர்வாகி. எட்டு மாதம் அலைந்தேன். 64 தேவையையும் அறக்கட்டளைக்கு அனுப்பு. எது வேண்டும் என்று அவர்கள் எழுத்தில் தரட்டும். எழுத்தில் வராதது எதையும் செய்யாதே.

விலையை மறைக்கச் சொல்வது மட்டும் முட்டாள்தனம். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வட கேரளக் கரையில் 1997-க்கு அப்புறம் செல்போன் வந்தபோது, மத்தி பிடிப்பவர்கள் கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ஆள் இல்லாமல் மீனைக் கொட்டுவதும் நின்றது. விலையைத் திற, எல்லாருக்கும் நல்லது. தானாகச் சரியாகும்.

---

வத்தை | மே 20, காலை 6.05

தொண்டி. சித்தப்பாவுக்கு நாட்டுப்படகு, நான் டெஸ்டிங் வேலை.

தங்கச்சி, 64 தேவையும் எப்ப எழுதின? தடைக்காலத்துல. படகெல்லாம் கரையில, ஆளுங்க எல்லாம் வலை பின்னிக்கிட்டு டீக்குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அந்த நேரத்துல என்ன வேணும்னு கேட்டா ராக்கெட்கூட கேப்பாங்க. பாடு வந்து இறங்குற அன்னைக்கு விடியக்காலம் 4 மணிக்கு தராசுப் பக்கத்துல போய் நில்லு. அங்க ஒருத்தரும் பேச மாட்டாங்க. கை என்ன செய்யுதுன்னு மட்டும் பாரு.

அப்புறம் ஈரக் கைக்கு டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. இதை யாரும் 'கட்டாயம்'னு எழுதியிருக்க மாட்டாங்களே?

---

மண்டபம்_பொண்ணு | மே 20, காலை 9.30

@வத்தை அண்ணே, எழுதவில்லை. 64-இல் ஈரக் கை இல்லை. ஆனால் 'செயலியைத் திறந்ததும் சங்கத்தின் கொடி பறக்க வேண்டும்' இருக்கிறது, 17-ஆவது.

@கிளையன்ட்சாமி சார், எழுத்தில் வாங்கச் சொன்னது சரி, இன்றே அனுப்புகிறேன். கேரள ஆய்வு பற்றி ஒன்று. அங்கே படகுக்காரர் எந்தக் கரையில் வேண்டுமானாலும் விற்கலாம் என்றால்தான் அந்தக் கணக்கு. எங்கள் கரையில் பெரும்பாலான ஓனர்கள் கம்பெனிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இன்ஜின் மாற்ற, வலை எடுக்க, சில சமயம் மகள் கல்யாணத்துக்கு. பணம் வாங்கியவர் இறாலை வேறு ஆளிடம் கொண்டுபோக முடியாது. பாம்பனில் என்ன விலை என்று என் செயலி காட்டினால், அவர் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அவ்வளவுதான்.

---

கீழக்கரை_காக்கா | மே 20, இரவு 9.50

தங்கச்சி, நான் துபாயில் பிசினஸ் அனலிஸ்ட். ஊர் கீழக்கரை, வருடம் ஒரு தடவை வந்து போகிறவன். நீ எழுதியதை மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை படித்தேன். சாப்பாடு ஆறிவிட்டது.

முதலில் கிளையன்ட்சாமிக்கு. பணம் தருபவர் சொல்வது தேவை, சரி. அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? டேஷ்போர்டு கேட்டார்கள் என்றால் டேஷ்போர்டு வேண்டும் என்று அர்த்தமில்லை. அங்கே இருக்கும் ஒரு பெண்ணோ பையனோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருக்கும். அந்த அறிக்கையில் எந்த எண்களைப் போடுவீர்கள் என்று கேள், தங்கச்சி. நான்கைந்துக்கு மேல் இருக்காது. அதை ஒரு எக்செல் தாளில் மாதம் பிறந்ததும் அனுப்பிவிடு. மூன்று வாரம் மிச்சம்.

இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. மிட்செல், ஆகிள், வுட் என்று மூன்று பேர் 1997-இல் எழுதிய கட்டுரை. ஒரு வேலையில் யாரை எவ்வளவு பொருட்படுத்துகிறோம் என்பதை மூன்று விஷயங்களை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்: அதிகாரம் இருக்கிறதா, நியாயமான உரிமை இருக்கிறதா, அவசரம் இருக்கிறதா. மூன்றும் இருப்பவர் பேச்சு தானாகவே காதில் விழும். உன் ஊரில் தலைவர் அப்படி. கம்பெனிக்காரருக்கு அதிகாரம் உண்டு, உரிமை பற்றி நான் வாய் திறக்கவில்லை. படகில் போகிறவர்களைப் பார். உரிமை இருக்கிறது, அவசரமும் இருக்கிறது, அன்றைய அரிசி அன்றைய சீட்டில்தான். அதிகாரம் மட்டும் சுத்தமாக இல்லை. இந்த வகைக்கு அவர்கள் கொடுத்த பெயர் 'சார்ந்திருப்பவர்'. இவர்கள் குரல் அதிகாரம் உள்ள ஒருவர் வாய் வழியாகத்தான் வெளியே வரும். அதனால் படகு ஆட்களிடம் போய் இன்னும் பத்துத் தேவை எழுதி வாங்காதே. அவர்களுக்கு எந்த ஓனர் வாயாக இருப்பார் என்று தேடு.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். தலைவர் எடுக்கச் சொன்னதும் நீ என்ன நினைத்தாய்? படகு ஆட்களுக்குத் தெரியாமல் ஏதோ மறைக்கிறார் என்றுதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பார். கூடைக்கு ஒரு கிலோ போனால் ஓனருக்கும்தானே நட்டம்? பங்கு வைப்பதற்கு முன்பே போகிற எடை அது. இந்தக் கட்டத்தில் ஓனரும் ஆளும் ஒரே பக்கம். அப்படியிருந்தும் ஓனர் மறைக்கச் சொல்கிறார் என்றால் காரணம் வேறு ஏதோ. முன்பணம் என்று நீயே மேலே எழுதியிருக்கிறாய்.

சங்கக் கட்டடத்தில் கேட்காதே. கூட்டத்தில் அறவே கேட்காதே. மனிதன் கூட்டத்தில் ஒரு பதில் சொல்வான், டீக்கடை பெஞ்சில் வேறு பதில் சொல்வான், இரண்டுமே பொய் இல்லை. தனியாகப் போ. "கட்டத்தை வைக்கவா, எடுக்கவா" என்றும் கேட்காதே. "இதை வைத்தால் உங்களுக்கு என்னண்ணே சங்கடம்?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அதுதான் கஷ்டம்.

---

பாசிக்காரி_மகள் | மே 21, காலை 7.20

அக்கா, பாம்பன் பக்கம். எங்கம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். நான் எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் ஓனர் இருக்கிறார், கம்பெனி இருக்கிறார், அறக்கட்டளை இருக்கிறது. கரையில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கே? 'கரை வியாபாரிகள்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். மதுரைக்கு லாரியில் ஏற்றும் வியாபாரியும், இரண்டு கூடை நகரை மீன் வாங்கி பஸ்ஸில் உச்சிப்புளிக்குப் போய் விற்கிற அம்மாவும் ஒன்றா? அந்த அம்மா காசு கொடுத்து வாங்குவதில்லை. கடன். சாயங்காலம் விற்றுவிட்டு, மறுநாள் கொடுப்பார். நோட்டில் அது எப்படி இருக்கிறது என்று கணக்கப்பிள்ளையைக் கேளுங்கள். ஒரு சுழி போட்டு வைத்திருப்பார். செயலியில் அந்தச் சுழிக்கு இடம் இருக்கிறதா?

எங்கள் குழுவுக்கு ஒரு செயலி கொண்டுவந்தார்கள், யார் என்று சொல்ல விரும்பவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் போன் எண்ணைக் கொடுக்க வேண்டும், அதற்கு ஓடிபி வரும். பாதிப் பேரிடம் இருந்தது வீட்டுக்காரர் போன். அவர் கடலில் இருப்பார். ஓடிபி கடலுக்குப் போனது, பெண்கள் கரையில் இருந்தார்கள். மூன்றாவது வாரம் எல்லாரும் நோட்டுக்கே திரும்பிவிட்டோம். 'பெண்கள் தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குகிறார்கள்' என்று அறிக்கை எழுதினார்களாம்.

---

மண்டபம்_பொண்ணு | மே 21, மதியம் 1.10

சுழியைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறது! பக்க ஓரத்தில் பென்சிலில் சின்னச் சுழி, காசு வந்ததும் அழித்துவிடுவார். நான் அந்த நோட்டை நான்கு தடவை போட்டோ எடுத்திருக்கிறேன், பென்சில் கண்ணில் படவே இல்லை. இருபது வருடமாக அப்படித்தான் என்றார் கணக்கப்பிள்ளை. யாருடைய சுழி எத்தனை நாள் நிற்கிறது என்பது மனப்பாடம், எழுதினால் ஓனர்கள் சத்தம் போடுவார்களாம்.

அந்தக் கடனைச் செயலியில் ஏற்றினால் நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்குத் தொடப்போவதில்லை. தொடாமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்று குறித்து வைத்துக்கொண்டேன். நன்றி, தங்கச்சி.

---

மண்டபம்_பொண்ணு | ஜூன் 30, இரவு 11.20

ஒரு மாதமாக வரவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தோல்வி. தடை முடிந்து முதல் பாடு வந்த விடியலில் வத்தை அண்ணன் சொன்னபடி தராசுப் பக்கம் போய் நின்றேன். நான்கு மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் பிறந்தும் எனக்குத் தெரியாது, அங்கே பெண்பிள்ளையை விடமாட்டார்கள். ஐஸ் உடைக்கும் சத்தம், இன்ஜின் சத்தம், நடுவில் எடை சொல்கிறவர் குரல். "முப்பத்தி நாலு! முப்பத்தி ஒண்ணரை!" கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் எழுதினார். ஒரு கூடைக்கு மூன்று விநாடி. நான் போனில் அதையே போட்டுப் பார்த்தேன். இறால் வகை தேர்ந்தெடு, கவுண்ட் தேர்ந்தெடு, எடை தட்டு, சேமி. பதினான்கு விநாடி. நடுவில் யாரோ கூடையைத் தூக்க, தண்ணீர் தெறித்து, திரை தானாகவே வேறு பக்கம் போனது. ஆறாவது கூடையில் நிறுத்திவிட்டேன். "நீ ஓரமா நின்னுக்க பாப்பா" என்றார் எடைக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அதனால் இப்போது தராசுப் பக்கம் போனே கிடையாது. கணக்கப்பிள்ளை வழக்கம்போல நோட்டில் எழுதுகிறார். எல்லாம் முடிந்து டீ வாங்கிக்கொண்டு உட்காரும்போது, நோட்டைப் பார்த்துப் போனில் போடுகிறார். எண் பலகை மட்டும்தான், பெரிய பெரிய எழுத்து. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும், சிக்னல் கிடைத்ததும் மேலே போகும். பக்கத்தில் கையடக்கப் பிரிண்டர். பிரிண்ட் வருமா என்று மூன்று தடவை கேட்ட மனுஷனுக்கு ஒரு வழியாகப் பிரிண்ட் வருகிறது. எல்லாக் கூட்டத்திலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டவர் அவர்தான், நான்தான் அதை 'இருந்தால் நல்லது' கூடையில் போட்டிருந்தேன்.

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். காக்கா சொன்னது அப்படியே. அறிக்கை எழுதுகிற பெண் என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஐந்து எண் போதும் என்றார். டேஷ்போர்டு ஏன் கேட்டீர்கள் என்றதற்கு, போன வருடம் வேறு ஊரில் ஒரு குழு செய்து கொடுத்ததாம், அதனால் இதற்கும் இருக்கும் என்று எழுதினாராம். ஐந்து எண்களும் கிலோவும் படகு எண்ணிக்கையும்தான், விலை கிடையாது. அதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன், கிளையன்ட்சாமி சார்.

தலைவரைப் பார்க்கத் தனியாகப் போனேன். வலைக் கொட்டகையில் ஈயக் குண்டு கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் கட்டிக்கொண்டே இருந்தார். நான்கு குண்டு கட்டி முடித்த பிறகு சொன்னார்: "ஆளுங்க வந்து, ஏன்ணே கூடைக்கு ஒரு கிலோ விடுறீங்க, கேக்க வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்ல? கடன் வாங்கியிருக்கேன், கேக்க முடியாதுன்னா?" அதோடு முடிந்தது. அவர் மறைக்க நினைத்தது கிலோவை அல்ல.

கம்பெனிக்காரரையும் பார்த்தேன். அவரை வில்லன் என்றே வைத்திருந்தேன். அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். தூத்துக்குடித் தொழிற்சாலையில் இவர் கொண்டுபோகிற எடையில் அவர்கள் கழிக்கிறார்கள். ஐஸ் உருகிவிட்டது, கவுண்ட் மாறிவிட்டது, தலை நசுங்கிவிட்டது. சில நாள் கூடைக்கு அரைக் கிலோ, சில நாள் ஒன்றரை. இவர் எல்லா நாளும் ஒன்று என்று எங்கள் தலையில் வைக்கிறார். நியாயம் என்று சொல்லவில்லை, அரைக் கிலோ நாளில் மிச்சம் அவருக்குத்தான். ஆனால் ஐஸ் போட்ட நேரத்தை அவர் ஏன் விடாமல் கேட்டார் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த நேரம் கையில் இருந்தால் அவர் தொழிற்சாலையில் சண்டை போடலாம். எங்கள் ஆட்கள் அவரிடம் போடுகிற அதே சண்டை.

கடைசியில் செய்தது இவ்வளவுதான். சீட்டில் மூன்று வரி: தராசு எடை, கழிவு, நிகர எடை. கழிவுக்குப் பக்கத்தில் ஐஸ் போட்ட நேரம். நடு வரியை அச்சடிக்கலாமா வேண்டாமா என்பதை அந்தந்த ஓனரே முடிவு செய்கிறார். விலை அந்தப் படகின் ஓனருக்கும் அவர் ஆட்களுக்கும் மட்டும், பக்கத்துப் படகுக்குத் தெரியாது. கம்பெனிக்காரருக்கு முழு மனதில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. சங்கக் கொடி பறக்கிறது, அரை மணி நேர வேலை, தலைவர் முகத்துக்காகச் செய்தேன். முதல் வாரம் நடு வரியை அச்சடித்தது இரண்டு ஓனர்கள். இரண்டு பேருக்கும் முன்பணம் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பதினொன்று. தலைவர் இன்னும் அச்சடிக்கவில்லை.

அப்பா படகு அந்தப் பதினொன்றில் ஒன்று. வியாழக்கிழமை விடிந்து வீட்டுக்கு வந்தவர், சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் நகத்தை நடு வரிக்குக் கீழே வைத்து இழுத்தார். "இந்த முப்பத்தேழு கிலோவ எழுதுனது யாரு, நீயா?" என்று கேட்டார். ஐந்து வாரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. கணக்கப்பிள்ளைதான்ப்பா, என்றேன். "ம்" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது புதுப் பிரச்சினை. பிரிண்டரில் வருவது வெப்பத் தாள். வேர்வை, உப்புத் தண்ணீர், வெயில், எல்லாம் சேர்ந்து இரண்டே நாளில் எழுத்து மங்கிப்போகிறது. பங்கு வைக்கிற நாளில் வெள்ளைத் தாளைத்தான் நீட்டுகிறார்கள். மை நிற்கிற சின்னப் பிரிண்டர், பேட்டரியில் ஓடுவது, யாராவது பார்த்திருக்கிறீர்களா?

---

வத்தை | ஜூலை 1, காலை 5.50

பிரிண்டர் எதுக்கு? கார்பன் தாள் வச்ச பில் புத்தகம் ராமநாதபுரத்துல ஸ்டேஷனரிக் கடையில கிடைக்கும். சித்தப்பா அதுலதான் எழுதுறார், போன வருஷச் சீட்டு இன்னும் படிக்க முடியுது.

---

மண்டபம்_பொண்ணு | ஜூலை 1, காலை 8.15

கணக்கப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அத நான் மொதல்லயே சொல்லியிருப்பேன், நீ கேக்கலியே" என்கிறார். மதியம் பஸ் ஏறி வாங்கிவரப் போகிறேன். எண் அச்சிட்ட புத்தகமாக வேண்டும், செயலியில் அந்த எண்ணைப் போட ஒரு கட்டம் சேர்க்க வேண்டியிருக்கும். 65-ஆவது தேவை.